சுழிக்கென்று ஒரு கட்டம்

786

ஸ்ரீவில்லிபுத்தூர்,
20.6.1999

அன்புள்ள கிருபாவுக்கு,

மாஜிதா எழுதிக்கொண்டது. நானும் அத்தாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். பெங்களூர்க் குளிரில் நீயும் அப்படியே இருக்க அல்லாஹ்வை வேண்டுகிறேன்.

ஈமெயிலில் கேட்டதற்குத் தபாலில் பதில் எழுதுகிறாளே, இவளெல்லாம் என்ன கம்ப்யூட்டர் படித்தாள் என்று நீ சிரிப்பாய். சிரி. எங்கள் மில்லுக்கு மொத்தமும் ஒரே ஈமெயில் முகவரிதான். அதற்கு எது வந்தாலும் மேனேஜர் ரத்தினம் அண்ணாச்சி பிரிண்ட் எடுத்து, ஓட்டை போட்டு, ஃபைலில் கோத்து முதலாளி மேஜையில் வைத்துவிடுவார். "ஏட்டி, அந்த ஜெயிலை விட்டு எப்பத்தான் வெளிய வருவ" என்று நீ எழுதியது இப்போது ஒரு துணி ஆர்டருக்கும் நூல் விலைக்கும் நடுவில் இருக்கிறது. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்தாயே, பிழைத்தேன். ஏதோ ஒரு வெளிநாட்டுக்காரன் விலை கேட்டிருக்கிறான் என்று நினைத்துவிட்டார் அண்ணாச்சி. பதில் போடவா என்று என்னிடமே கேட்டார்.

வேலை உத்தரவு வந்து சேர்ந்தது. உன் கம்பெனியிலேயே எனக்கு இடம் வாங்கி, உன் ஹாஸ்டல் அறையிலேயே ஒரு கட்டிலும் பிடித்து வைத்திருக்கிறாய். உனக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. செப்டம்பர் முதல் தேதி சேரவேண்டும். சுற்றி வளைக்காமல் சொல்கிறேன், எனக்குப் போகவேண்டும் கிருபா. போயே ஆகவேண்டும்.

அத்தா வேண்டாம் என்று சொல்லவில்லை. அவரைத்தான் உனக்குத் தெரியுமே, எதற்கும் வேண்டாம் என்று சொல்லத் தெரியாத மனிதர். அந்த மில்லின் பேக்கிங் குடோனில் இருபது வருஷத்துக்கு மேல் இருக்கிறார். அம்மா மவுத்தானபோது மில்லையே மூடிவிட்டு எல்லோரும் வந்தார்கள் என்பதை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். உத்தரவைக் காட்டியதும் இரண்டு தடவை திருப்பிப் பார்த்துவிட்டு, "மொதலாளி மனசு நெறஞ்சு சரின்னு சொல்லட்டும்மா, பொறவு நான் ஏன் குறுக்க நிக்கப் போறேன்" என்றார்.

முதலாளி சீனிச்சாமிக்கு என் மேல் பிரியம் அதிகம். அதுதான் தொந்தரவே. போன வருஷம் மில்லுக்கு வெப்சைட் போட்டுக் கொடுத்தேன் அல்லவா, பேண்டேஜ் துணி, புண்ணுக்கு வைக்கிற காஸ் துணி எல்லாவற்றுக்கும் படம் வைத்து? அவர் அதைப் 'போர்டு' என்கிறார். கடை வாசலில் மாட்டுவது போல உலகத்து வாசலில் மாட்டியிருக்கிறாராம். அந்தப் போர்டில் ஒரு புள்ளி மாற வேண்டுமானாலும் நான்தான் வரவேண்டும். போன மாதம் சுந்தரபாண்டியத்தில், எனக்கு அக்கா முறையாகிற ஜரீனா லாத்தா குழந்தைக்குப் பெயர் வைத்தார்கள். நான் சாப்பாட்டில் கை வைத்த நேரத்தில் பக்கத்துப் பலசரக்குக் கடைக்குப் போன் வந்தது. "அம்மாயி, போர்டுல அகலம் பத்துன்னு இருக்கு, பதினஞ்சுல்லா" என்கிறார். (எங்கள் பக்கம் அம்மாயி என்றால் பாட்டி. அவர்கள் வீட்டுத் தெலுங்கில் பெண்பிள்ளையாம்.) இரண்டு பஸ் மாறி ராஜபாளையம் மில்லுக்குப் போய், அரை நாள் முயன்று இன்டர்நெட் லைன் பிடித்து, பத்தைப் பதினைந்தாக்கிவிட்டு வந்தேன். பிரியாணி தீர்ந்திருந்தது. அத்தாவுக்கோ முகம் கொள்ளாத பெருமை. "எம்புள்ள இல்லாம மில்லு ஓடாது" என்று பந்தியில் சொல்லியிருக்கிறார்.

வேலை ஒன்றும் மலை இல்லை. ஒரு எண், ஒரு எழுத்து, அவ்வளவுதான். ஆனால் அதற்காக எந்நேரமும் கூப்பிடு தூரத்தில் இருக்கவேண்டும். முளையில் கட்டிய ஆடு கயிற்று நீளத்துக்கு மேய்கிற மாதிரிதான் நானும். ஒருநாள் துணிந்து முதலாளியிடம் பெங்களூர் விஷயத்தைச் சொன்னேன். "நீ போயிட்டா போர்டை யாரு பாப்பா? ஆள் இல்லாம ஓடும்னு காட்டு, பொறவு போ" என்றார்.

நியாயமான பேச்சு. அதனால் அப்படியே ஒன்று செய்யப்போகிறேன். கம்ப்யூட்டர் தெரியாத ஆளும் தானே மாற்றிக்கொள்ளும்படி, கட்டம் கட்டமாக ஒரு பக்கம். கட்டத்தில் எழுதி ஒரு பொத்தானை அழுத்தினால் வெப்சைட்டில் மாறிவிடவேண்டும். அதற்கு உன்னிடம் இருக்கும் புரோகிராம் பிரிண்ட் அவுட்டுகளைத் தபாலில் அனுப்பு. ஈமெயிலில் அனுப்பித் தொலைக்காதே, அண்ணாச்சி கோத்துவிடுவார்.

உன் அம்மாவுக்கு என் சலாம்.

உன் அன்புத் தோழி,
மாஜிதா


786

ஸ்ரீவில்லிபுத்தூர்,
11.7.1999

அன்புள்ள கிருபாவுக்கு,

உன் பார்சல் நல்லபடியாக வந்தது. நீ வைத்தனுப்பிய சாக்லேட்டை எறும்புக்கு முன்னால் நான் கண்டுபிடித்துவிட்டேன்.

கட்டம் தயார். நானே என் முதுகில் தட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது, இங்கே வேறு யாருக்கும் இது என்னவென்று தெரியவில்லை. மேலே முதல் கட்டம், ஆர்டர் வந்தால் எத்தனை வாரத்தில் அனுப்புவோம் என்பது. வெளிநாட்டுக்காரர்கள் முதலில் கேட்பது அதைத்தான். அதற்குக் கீழே அகலம், எடை, ரோல் எண்ணிக்கை. எல்லாவற்றுக்கும் அடியில் சேவ் பொத்தான்.

யார் கையில் ஒப்படைப்பது என்ற கேள்வியே வரவில்லை. ரத்தினம் அண்ணாச்சிதான். டெலக்ஸ் காலத்திலிருந்து அந்த மில்லில் பட்டனை அழுத்துகிற உரிமை அவருக்கு மட்டும்தான். "அண்ணாச்சி, இந்தக் கட்டத்தைப் பாருங்க" என்று கூப்பிட்டேன். "யாரு ஜாதகம் தாயி?" என்று கண்ணாடியைத் தேடினார். கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். ஒரு விரலால்தான் அடிக்கிறார், ஆனால் அடித்த எழுத்தை ஒவ்வொரு தடவையும் திரையில் போய்ச் சரிபார்க்கிறார். நம் கம்ப்யூட்டர் சாரிடம் படித்த எவளும் அப்படிச் செய்ததில்லை.

முதல் நாள் எல்லாம் சரியாக நிரப்பிவிட்டு, சேவ் மட்டும் அழுத்த மாட்டேன் என்கிறார். என்ன அண்ணாச்சி என்றால், "ராகு காலம் முடியட்டும்" என்கிறார். உலகம் முழுக்க ஒன்றரை மணி நேரம் பழைய எடையையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் மிக்சர் தின்றுகொண்டிருந்தேன். முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினார். வெப்சைட்டில் புது எடை வந்ததைப் பார்த்ததும் அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! "ஏட்டி, நான்தானா மாத்துனேன், நான்தானா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நானும் கூடச் சிரித்தேன். என்னை விட்டுவிடப்போகிறார்கள் என்ற சந்தோஷம் பாதி, அவர் சந்தோஷம் பாதி.

நான் பக்கத்தில் உட்கார்ந்து கர்சரை வைத்துக்கொடுக்க, அவர் அடிக்க, ஒரு வாரமாக ஒரு தப்பும் இல்லை. நேற்று முதலாளி நின்று பார்த்தார். "நல்லா இருக்கே அம்மாயி, இனிமே என்ன" என்று சிரித்தார். போயிட்டு வா என்று சொல்லப்போகிறார் என்றே நினைத்தேன். வாயெடுத்தவர், நாளைக்குப் பேசுவோம் என்று போய்விட்டார்.

சாயங்காலம் அவர் அறையிலிருந்து அத்தா வெளியே வந்ததைப் பார்த்தேன். எனக்காக ஒரு வார்த்தை பேசப் போயிருப்பார். கேட்டால் சொல்லமாட்டார், அவர் சுபாவம் அப்படி.

இன்று காலையில் முதலாளி கூப்பிட்டு இன்னொரு நிபந்தனை சொன்னார். ஒரு வாரம் அண்ணாச்சி தனியாகப் பார்க்கவேண்டுமாம், நான் அந்த அறைப் பக்கமே வரக்கூடாதாம். அவர் என் முகத்தைப் பார்க்காமல் மேஜையில் இருந்த காஸ் துணியைப் பிரித்துப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தார். இருக்கட்டும். ஒரு வாரம்தானே. நீ அந்தக் கட்டிலுக்கு மெத்தை வாங்கிவிடு.

அன்புடன்,
மாஜிதா


786

ஸ்ரீவில்லிபுத்தூர்,
1.8.1999

அன்புள்ள கிருபாவுக்கு,

மெத்தை வாங்கியிருந்தால் நீயே போட்டுப் படுத்துக்கொள். இங்கே எல்லாம் தலைகீழாகிவிட்டது.

அண்ணாச்சி தனியாக உட்கார்ந்த முதல் நாளே நடந்திருக்கிறது. எங்களுக்கு அது தெரிந்தது கென்யாவிலிருந்து ஃபேக்ஸ் வந்தபோதுதான். அங்கே ஒரு மிஷன் ஆஸ்பத்திரி. 'மற்ற எல்லோரும் ஆறு வாரம், எட்டு வாரம் என்கிறார்கள், நீங்கள் மட்டும்தான் இரண்டு வாரத்தில் அனுப்புவதாகப் போட்டிருக்கிறீர்கள், அதற்காகவே உங்களிடம் வந்தோம்' என்று ஒரு கன்டெய்னர் துணிக்கு ஆர்டர். எங்களுக்கும் ஆறு வாரம்தான். அண்ணாச்சி தாளில் எழுதிக்கொண்டுபோனதும் ஆறுதான். வெப்சைட்டில் நின்றது இரண்டு.

என் புரோகிராமில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். அண்ணாச்சியை உட்காரவைத்து, அன்று எப்படி அடித்தீர்களோ அப்படியே அடித்துக் காட்டுங்கள் என்றேன். முதல் கட்டத்தில் அவர் விரல் நேராகப் போய் 2ஐ அழுத்தியது. அதே கட்டத்தில் அடுத்த வரிக்கு வந்து 6 அடித்தார். இது என்ன அண்ணாச்சி மேலே என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். "மொதக் காரியம்லா தாயி, சுழி போடாம எப்படி ஆரம்பிக்க? கீபோர்டுல உ-வைத் தேடித் தேடிப் பாத்தேன், இல்ல. ரெண்டைப் போட்டுட்டேன். டெலக்ஸ்லயும் அப்படித்தான போடுவேன்" என்றார்.

பிள்ளையார் சுழி, கிருபா! கொஞ்சம் வளைத்துப் பார்த்தால் 2 உ மாதிரிதான் இருக்கிறது. என் புரோகிராமோ ஒரு கட்டத்தில் முதல் வரி எதுவோ அதை மட்டும் எடுத்துக்கொள்ளும். பிள்ளையாரை எடுத்துக்கொண்டு ஆறு வாரத்தை விட்டுவிட்டது. நான் பக்கத்தில் இருந்தவரை ஆரம்பித்து வைத்தது நான் என்பதால் அவர் சுழி போடவில்லை. தானாக ஒரு காரியம் தொடங்கும்போதுதானே போடவேண்டும்.

முதலாளி கத்துவார் என்று நின்றேன். கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, "பிள்ளையாரே ரெண்டு வாரம்னுட்டாரு, நாம என்ன மறுத்துப் பேச" என்று ஆர்டரை ஒத்துக்கொண்டார். போர்டில் போட்டது வாக்காம். மில் மூன்று ஷிப்டும் ஓடுகிறது. வெளியில் தறி போட்டிருப்பவர்களிடமும் துணி கேட்டிருக்கிறார்கள். அத்தா குடோனிலேயே துணி மூட்டை மேல் படுத்துக்கொள்கிறார், கால் இரண்டும் வீங்கியிருக்கிறது. நான் சாப்பாடு கொண்டுபோனால், "நீ ஏம்மா அலையுற" என்கிறார். நான் செய்த கட்டத்தால்தான் அவர் இப்படிக் கிடக்கிறார். அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

பெங்களூர்ப் பேச்சை எடுக்கவே வழியில்லை. "இதுக்குத்தான் அம்மாயி, வீட்டுப் புள்ள பக்கத்துல இருக்கணுங்கேன்" என்று முதலாளி சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். இப்படிப் பிரியமாகக் கதவைச் சாத்தினால் யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

சுழி போடாதீர்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது என்று நீ நினைப்பாய். அந்த வார்த்தை என் வாயில் வரவில்லை. அதை மாஜிதா சொன்னால் வேறு பேச்சாகிவிடுமோ என்ற பயம் ஒன்று. அந்தப் பயம் இல்லாவிட்டாலும் சொல்லமாட்டேன். இந்தக் கடிதத்தின் தலையில் நான் என்ன போட்டிருக்கிறேன் பார். பரீட்சையில் நீ சிலுவை போட்டாய், நான் 786 போட்டேன், நம் கூடப் படித்த அழகுத்தாய் உ போட்டாள். திருத்திய சார் அதற்கு மார்க் போடவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அது விடை இல்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. என் கட்டத்துக்குத் தெரியவில்லை, அதற்குச் சொல்லிக்கொடுக்காதவள் நான்தான். இந்த ஊரில் எதையும் யாரும் முதல் வரியில் தொடங்குவதில்லை என்பதை இந்த ஊரில் பிறந்த நான் மறந்துவிட்டேன்.

ஒரு வழி யோசித்து வைத்திருக்கிறேன். உன் கம்பெனியில் என் இடத்தைப் பற்றிக் கேட்டால், கட்டாயம் வருவாள் என்றே சொல். சொல்லும்போது குரல் நடுங்காமல் பார்த்துக்கொள்.

அன்புடன்,
மாஜிதா


786

ஸ்ரீவில்லிபுத்தூர்,
22.8.1999

அன்புள்ள கிருபாவுக்கு,

நல்ல செய்தியை முதலில் எழுதிவிடுகிறேன். கென்யாவுக்குப் பாதிச் சரக்கு சொன்ன நாளில் போய்விட்டது, மீதிக்கு அவர்கள் பொறுத்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். அத்தா கால் வீக்கம் வடிந்துவிட்டது.

கட்டத்தையும் சரிசெய்துவிட்டேன். எல்லாவற்றுக்கும் மேலே, நட்டநடுவில், பெயர் இல்லாமல் சின்னதாக ஒரு கட்டம். அதில் என்ன எழுதினாலும் வெப்சைட்டுக்குப் போகாது, எங்கும் போகாது. அண்ணாச்சியிடம் இது எதற்கு என்று நான் சொல்லவே இல்லை. பார்த்ததும் புரிந்துகொண்டார். 2 போட்டார், கும்பிட்டார், கீழே இறங்கிக் கடகடவென்று நிரப்பினார். "பிள்ளையாருக்குத் தனி ரூம்பு குடுத்துட்டா எங்க மாஜிதா" என்று மில் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

மறுபடியும் ஒரு வாரம் நான் வீட்டில் இருந்தேன். பக்கத்து வீட்டுப் போன் அடிக்கும்போதெல்லாம் வாசலுக்கு ஓடினேன். எனக்கு இல்லை, எனக்கு இல்லை என்று ஒவ்வொரு தடவையும் கேட்டு நிம்மதி. கடைசி இரண்டு நாள், என்னதான் இருந்தாலும் ஒரு தடவைகூடக் கூப்பிடத் தோன்றவில்லையா என்று கோபம் வந்தது. மனசு எவ்வளவு கேவலம் பார். ஒரு வாரத்தில் அண்ணாச்சி என்னென்னவோ மாற்றியிருக்கிறார், ஒரு தப்பு இல்லை.

நேற்று முதலாளியிடம் போய் நின்றேன். இனி என்ன நிபந்தனை இருந்தாலும் சொல்லிவிடுங்கள், செய்துவிட்டுப் போகிறேன் என்றேன். குரல் கொஞ்சம் ஓங்கிவிட்டது. அவர் உட்கார் என்றார். அந்த அறையில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. "இனிமேலும் மறைச்சா பாவம் அம்மாயி. எனக்கு ஆனி மாசமே சம்மதம். உங்கத்தா அசன் முகம்மதுதான் அன்னைக்கு வந்து, மொதலாளி, நீங்க விடமாட்டேன்னு சொல்லிருங்க, நான் சொன்னா புள்ள மனசு ஒடிஞ்சிரும்னு நின்னான். இம்புட்டு வருசத்துல தனக்குன்னு ஒண்ணு கேட்டதில்ல அவன். கேட்டது இது ஒண்ணு. நான் எப்படி இல்லன்னு சொல்ல?" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கு ஒன்றும் கலங்கவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

இரண்டு மாதமாக நான் திறக்கப் பார்த்தது வேறு கதவு, கிருபா. என்னைப் பூட்டியிருந்த கதவு வீட்டில் இருந்திருக்கிறது. எனக்குக் கோபம் வருகிறது. வேண்டாம் என்று என்னிடமே சொல்லியிருக்கலாமே, நான் அழுதிருப்பேன், சண்டை போட்டிருப்பேன், ஒரு நாள் சாப்பிடாமல் இருந்திருப்பேன். அப்படியாவது அது எங்கள் இருவருக்குள் நடந்திருக்கும். கோபத்தோடுதான் வீட்டுக்கு வந்தேன். முகத்துக்கு நேரே கேட்டுவிடுவது என்று வார்த்தைகளையும் பஸ்ஸிலேயே அடுக்கி வைத்திருந்தேன்.

அத்தா மீன் வாங்கிவந்து தானே குழம்பு வைத்திருந்தார். சாப்பிட உட்கார்ந்ததும், தட்டைப் பார்த்துக்கொண்டே, "மொதலாளி என்னம்மா சொன்னாக?" என்று கேட்டார். அந்தக் குரலை உனக்கு எப்படி எழுதிக் காட்டுவேன்? நான் இல்லாத வீட்டில் இந்த மனிதர் யாரிடம் இப்படிக் கேட்பார் என்று ஒரு நொடி தோன்றிவிட்டது. அடுக்கிய வார்த்தை ஒன்றும் வரவில்லை. "இன்னும் யோசிக்கணுங்காக அத்தா" என்று சொல்லிவிட்டேன். அத்தா தலையை ஆட்டிக்கொண்டார். நடுத்துண்டத்தை எடுத்து என் தட்டில் வைத்தார். நான் நிமிராமல் முள் எடுத்துக்கொண்டிருந்தேன்.

இனி அவருக்காக நானும், எனக்காக அவரும் முதலாளியின் பெயரைச் சொல்லிக்கொண்டு எத்தனை நாள் இருக்கப்போகிறோம் என்று தெரியவில்லை. செப்டம்பர் முதல் தேதிக்கு இன்னும் சில நாட்கள்தான். நானே போன் போட்டு உன் அத்தாவிடம் பேசுகிறேன் என்று எழுதியிருந்தாய். வேண்டாம், பேசாதே. நீ கேட்டால் அவர் சரி என்று சொல்லிவிடுவார். யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாத வாயிலிருந்து வருகிற அந்தச் சரி எனக்கு வேண்டாம்.

கடைசித் தேதி வரை என் இடத்தை யாருக்கும் கொடுத்துவிடாதபடி பார்த்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போகும்போது எனக்காக ஜெபம் செய்கிறேன் என்றாயே, செய். ஆனால் எனக்கு வேலை வேண்டும் என்று கேட்காதே, அது கிடைத்துவிட்டது. முதலாளி மனசு மாறவேண்டும் என்றும் கேட்காதே. எங்கள் அத்தா ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, என் முகத்தைப் பார்த்து, "போகாதம்மா" என்று தன் வாயால் சொல்லவேண்டும் என்று கேள். அதைச் சொல்லிவிட்டார் என்றால், அவரிடம் சொல்லிக்கொண்டு கிளம்ப எனக்குத் தெம்பு வந்துவிடும்.

உன் மாஜிதா